பினாங்குத் தெருக்கள் கூறும் தமிழர் வரலாறு

ஒரு நகரத்தின் வரலாற்றை அறிய ஏடுகளைப் புரட்டுதல் ஒரு வழி. அந்நகரத்தின் தெருக்களில் மெல்ல நடந்து, பெயர்களைப் படித்து, கோயிலையும் கடையையும் கல்லறையையும் நின்று நோக்குதல் மற்றொரு வழி. முதல் வழி அறிஞர்க்கே உரியது என்று ஒதுங்கி நிற்பவரும் இரண்டாம் வழியில் இறங்கலாம். அதற்குக் காலும் கண்ணும் ஓய்வான ஒரு நாளும் போதும். பினாங்குத் தீவின் தலைநகராகிய ஜார்ஜ் டவுன் அவ்வாறு நடந்து படிப்பதற்கு ஏற்ற நகரம். அதன் பழைய பகுதி மிகச் சிறியது; நான்கு எல்லைத் தெருக்களையும் ஒருவர் அரை மணியில் சுற்றி வந்துவிடலாம். ஆயினும் அங்கே தமிழர் விட்ட சுவடுகளை ஒவ்வொன்றாக நின்று பார்ப்போமாயின் காலைப் பொழுது மாலையாவது தெரியாது.

கடாரம் என்றவுடன் நம் நெஞ்சம் இராசேந்திர சோழனிடம் ஓடுகிறது. அது இயல்பே. பினாங்குக் கடற்கரையில் நின்று வடக்கே நோக்கின், வானம் தெளிந்த நாளில் கெடாவின் ஜெராய் மலை தெரியும். அம்மலையடியில்தான் பழைய கடாரத்தின் எச்சங்கள் கிடைத்துள்ளன. இராசேந்திரனின் கடற்படை அங்குச் சென்றது 1025-ஆம் ஆண்டு அளவில். அதற்கும் பல நூற்றாண்டு முன்னே, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களைக் கூறும் பட்டினப்பாலை காழகத்தையும் கூறுகிறது. காழகம் என்பது கடாரமே என்று நச்சினார்க்கினியர் உரை வகுத்தார். இவையெல்லாம் பெருமைக்குரியவை, ஐயமில்லை.

ஆனால், பதினோராம் நூற்றாண்டுக் கடாரத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு இரப்பர்த் தோட்டத்துக்கு ஒரே தாவலில் தாவிவிடுவது நம்மவரிடம் உள்ள ஒரு வழக்கம். சோழர் வென்றனர், பின்னர்க் கூலிகளாக வந்தோம் என்று இரு வரிகளில் வரலாற்றை முடித்துவிடுகிறோம். இடையில் வந்தவர் யார்? கடை வைத்தவர், படகு ஓட்டியவர், விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர், அச்சகம் நடத்தியவர், பள்ளியில் அமர்ந்து தமிழ் படித்தவர் எல்லாரும் எங்கே? அவர்களைக் காணவேண்டுமாயின் பினாங்குக்குத்தான் செல்ல வேண்டும். அந்நகரின் வயதும் அங்குள்ள தமிழரின் வயதும் ஒன்றே என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் இல்லாத கடற்கரைத் தெரு

காலையில் துறைமுகத்திலிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த எத்தனையோ ஆயிரம் பேர் முதன் முதலாக இந்நாட்டு மண்ணை மிதித்த இடம் இது. 1926-இல் வெள்ளோட்டம் கண்ட இரஜூலா என்னும் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறை, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் தாத்தாவோ பாட்டியோ இரஜூலாவின் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்த கதையைக் கேளாதவர் குறைவு. தோட்டங்களுக்கு என்று வந்தவர்கள் நேரே நகருக்குள் வரவில்லை. ஜெரஜாக் தீவில் நோய்த்தடை முகாமில் தங்கிய பின்பே அக்கரையிலிருந்த தோட்டங்களுக்கும் பேராக்குக்கும் பிரித்து அனுப்பப்பட்டனர். கடைக்கும் வாணிகத்துக்கும் வந்தவர்களே நகருக்குள் நடந்தனர். நாமும் அவர்கள் நடந்த வழியே நடப்போம்.

துறைமுகத்தை ஒட்டிய வெல்டு கரைச் சாலையைக் கடந்தால் அடுத்த பெருந்தெருவின் பெயர் பீச் ஸ்ட்ரீட். மலாயில் லெபோ பந்தாய். இரண்டுக்கும் பொருள் கடற்கரைத் தெரு என்பதே. அங்கே கடலும் இல்லை, கரையும் இல்லை. இருபுறமும் வங்கிக் கட்டடங்களே நிற்கின்றன. காரணம் எளிது. நகரம் தோன்றிய காலத்தில் அலை வந்து மோதியது இத்தெருவின் ஓரத்தில்தான். 1880-களில் கடலைத் தூர்த்து நிலமாக்கினர். ஆளுநர் பிரடெரிக் வெல்டின் பெயரைப் புதிய கரைக்கு இட்டனர். கடல் விலகிற்று, பெயர் விலகவில்லை. ஒரு பெயர் எவ்வளவு உண்மையைத் தன்னுள் காத்து வைக்கும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இங்கிருந்து கடலை நோக்கிச் செல்லும் குறுந்தெருக்களின் பெயர்களில் ‘காட்’ என்னும் சொல் சேர்ந்திருப்பதைக் காணலாம். சர்ச் ஸ்ட்ரீட் காட், சைனா ஸ்ட்ரீட் காட், சூலியா ஸ்ட்ரீட் காட் என்பன அவை. காசியில் கங்கைக் கரையில் நாம் காணும் படித்துறையைக் குறிக்கும் அதே வடநாட்டுச் சொல்தான் இது. சரக்கு இறக்கும் துறைகள் இங்கே இருந்தன. பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, தொங்கான்கள் என்னும் சரக்குப் படகுகள் மூட்டைகளை இத்துறைகளுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். அம்மூட்டைகளைத் தோளில் ஏற்றிக் கிடங்கில் அடுக்கிய கூட்டத்தில் தமிழ்த் தொழிலாளர் பெரும் பங்கினர். கிடங்கு என்னும் நம் சொல்லே மலாயில் குடாங் என்றும் ஆங்கிலத்தில் கோடவுன் என்றும் ஆயிற்று என்பர். கடை அங்கே கெடை ஆயிற்று. கப்பல் காப்பால் ஆயிற்று. வாணிகர் இடும் முதல் மோடால் ஆயிற்று. பெட்டி பெத்தி ஆயிற்று. கட்டில் காத்தில் ஆயிற்று. இச்சொற்களில் பெரும்பாலானவை கடைக்கும் கலத்துக்கும் உரியவையாக இருத்தலைத் தமிழாசிரியர் நோக்குதல் வேண்டும். எவ்வகைத் தமிழர் மலாய் மக்களோடு முதலில் பழகினர் என்பதைச் சொற்களே கூறிவிடுகின்றன.

மலபார்த் தெருவும் சூலியாத் தெருவும்

பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரால் இத்தீவில் கொடி ஏற்றியது 11-8-1786 அன்று. அவர் வகுத்த நகரம் நான்கு தெருக்களுக்குள் அடங்கியது. வடக்கே அவர் பெயர் தாங்கிய லைட் தெரு. கிழக்கே கடற்கரைத் தெரு. மேற்கே ஆங்கில முதலமைச்சர் பெயரால் பிட் தெரு. தெற்கே சூலியாத் தெரு. நகரின் நான்கு எல்லைகளில் ஒன்று தொடக்கத்திலேயே தமிழர் பெயரைத் தாங்கியது என்பது கருதத்தக்கது.

சூலியாத் தெருவுக்கு அதனினும் பழைய பெயர் ஒன்று உண்டு. அது மலபார்த் தெரு. இப்பெயரைக் கண்டு இங்கே மலையாளிகள் இருந்தனர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் தமிழையும் மலபார் என்றே வழங்கினர். தரங்கம்பாடியில் தமிழ் கற்ற சீகன்பால்கு தாம் கற்ற மொழியை மலபார் மொழி என்று குறித்தது தமிழ் படித்தவர் அறிந்ததே. ஆகவே பினாங்கின் மலபார்த் தெரு தமிழர் தெருவே. பின்னர் வந்த சூலியா என்னும் பெயர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முசுலிம்களைச் சிறப்பாகக் குறித்தது. சோழ என்னும் சொல்லிலிருந்தே சூலியா பிறந்தது என்பார் உளர்.

இவர்கள் லைட்டைப் பின்தொடர்ந்து வந்தவர்கள் மட்டும் அல்லர். லைட் 1794-இல், தாம் இறந்த ஆண்டில், கும்பினிக்கு அனுப்பிய அறிக்கை இதனைத் தெளிவாக்குகிறது. சூலியாக்களுள் பெரும்பாலோர் கெடாவில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். சிலர் அங்கேயே பிறந்தவர்கள். கடைக்காரரும் கூலியாட்களுமாக ஏறத்தாழ ஆயிரம் பேர் பினாங்கில் குடியேறியுள்ளனர், சிலர் குடும்பத்தோடு. இவர்களன்றி ஆண்டுதோறும் சோழமண்டலக் கரையிலிருந்து 1,300 முதல் 2,000 பேர் வரை கலமேறி வந்து, சில வெள்ளிகள் ஈட்டிக்கொண்டு ஊர் திரும்புகின்றனர் என்பது அவ்வறிக்கையின் கருத்து. கொடி ஏறி எட்டே ஆண்டில் நிலை இது. காட்டை வெட்டித் திருத்திக்கொண்டிருந்த ஒரு சிற்றூருக்கு ஆயிரம் பேர் என்பது சிறு தொகை அன்று.

சூலியாத் தெருவும் கிங் தெருவும் கூடும் முனையில் நாகூர் தர்கா நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. நாகூர் ஆண்டவர் சாகுல் அமீது அடங்கியிருப்பது நாகூரில். பினாங்கில் இருப்பது அவர் நினைவுக்கு எழுப்பிய இடமே. இதைப் போன்ற ஒன்று சிங்கப்பூரிலும் உண்டு. நாகையிலிருந்து பாய் விரித்த மாலுமி, நாகூரில் வேண்டிக்கொண்ட நேர்த்தியைக் கடல் கடந்து நலமாகச் சேர்ந்த இடத்தில் செலுத்த விரும்பினான். இந்துவும் முசுலிமும் ஒருங்கே அவ்வாசலில் நின்றனர். ஊரை விட்டு வந்தவர் ஊரின் சமயத்தை மட்டுமன்றி, ஊரின் ஒற்றுமையையும் கொண்டு வந்தனர் என்று இத்தர்கா சொல்கிறது.

1801

இனி மேற்கே நடந்து பிட் தெருவுக்குத் திரும்புவோம். இன்று அதன் பெயர் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். கெலிங் என்னும் சொல் கலிங்கத்திலிருந்து வந்தது. தென்னிந்தியர் யாவரையும் குறிக்க மலாய் மக்கள் அதனை நெடுங்காலம் ஆண்டனர். பின்னர் அது இழிவுப் பொருளில் வழங்கத் தொடங்கியதால் இன்று தமிழர் அதனை விரும்புவதில்லை. ஆயினும் இத்தெருப் பெயரில் உள்ள கெலிங் இழிசொல் அன்று. அது ஒரு பதவியின் பெயர். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு தலைவனைக் கப்பித்தான் என நியமித்தது கும்பினி. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த வாணிகர் காதர் முகைதீன் அவ்வாறு கப்பித்தான் ஆனார். 1801-இல் துணை ஆளுநர் ஜார்ஜ் லீத் வழங்கிய 18 ஏக்கர் நிலத்தில் எழுந்த பள்ளிவாசல் இது. இன்று நாம் காணும் குவிமாடமும் தூபியும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூபுரோனர் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்தவை. பள்ளிவாசலோ அதனினும் நூறாண்டு மூத்தது.

அதே தெருவில் சில அடிகள் நடந்து குயின் தெருவுக்குள் திரும்பினால் மகா மாரியம்மன் கோயிலைக் காணலாம். அங்கும் அதே ஆண்டே வருகிறது. 1801-இல் தமிழரின் கப்பித்தானாக இருந்த பெட்டி லிங்கச் செட்டியிடம் கும்பினி அந்நிலத்தை வழங்கிற்று. சிறு வழிபாட்டிடமாக இருந்தது 1833-இல் கோயிலாக உருப்பெற்றது. படகோட்டிகளும் துறைமுகத் தொழிலாளரும் பால் விற்றவரும் கடைக்காரரும் வாழ்ந்த தெருக்களின் நடுவே மாரியம்மன் அமர்ந்தாள். பெருந்தெய்வக் கோயிலைக் காட்டிலும் மாரியம்மன் கோயில் முதலில் எழுந்தது ஏன் என்று வினவின், வந்தவர் யார் என்பது விளங்கும். வெப்பும் அம்மையும் நிறைந்த புதுநிலத்தில் எளிய மக்கள் முதலில் நாடுவது மாரியையே.

இரு கப்பித்தான்கள், ஒருவர் முசுலிம், ஒருவர் இந்து, ஒரே ஆண்டில் ஒரே கும்பினி இருவருக்கும் நிலம் தந்தது. இம்மட்டோடு நிறுத்தினால் இது இனிய கதை. ஆனால் 1801 என்னும் ஆண்டு தமிழ்நாட்டில் என்ன ஆண்டு என்பதைத் தமிழாசிரியர் மறக்கலாமா?

அவ்வாண்டு அக்டோபர் 24-ஆம் நாள், திருப்பத்தூரில், மருது சகோதரரைக் கும்பினியார் தூக்கிலிட்டனர். அவர்களைச் சார்ந்த எழுபத்து மூவர், சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையத் தேவரும் உள்ளிட்டோர், 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டனர். அவர்களை நாடு கடத்திய இடம் எது? இதே பினாங்கு! துரைசாமிக்கு அப்போது வயது பதினைந்து அளவில்.

அவர் கதையின் ஒரு பக்கம் நமக்குக் கிடைத்திருப்பது பகைப்படையில் இருந்த ஒருவரால்தான். ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் படைத்தலைவர் இளமையில் சின்ன மருதுவோடு நட்புக் கொண்டவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவரிடமே கற்றவர். பின்னர் அவரை எதிர்த்த போரிலும் நின்றவர். 1818-இல் உடல்நலம் தேடிப் பினாங்கு வந்திருந்த வெல்ஷைக் காணத் தளர்ந்த மனிதர் ஒருவர் வந்து பேசாது நின்றார். யார் என்று வெல்ஷ் கேட்டபோது, அவர் முகத்தையே நோக்கிக் கண்ணீர் வடித்துத் தம் பெயரை மட்டும் சொன்னார். அவர் துரைசாமி. முப்பது வயதைச் சற்றே கடந்த அவரை வெல்ஷ் கிழவர் என்றே கருதினார். பதினாறு ஆண்டு நாடு கடந்த வாழ்வு ஒருவரை என்ன செய்யும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமோ?

கும்பினி ஒரு கையால் கோயிலுக்கு நிலம் தந்தது. மறுகையால் அத்தெய்வத்தை வணங்கும் மக்களையே நாடு கடத்தி அதே தீவில் விட்டது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் பினாங்குத் தமிழர் வரலாறு முழுமையடைகிறது. விரும்பி வந்தோர் கதை மட்டுமே சொல்வது பாதி உண்மை. துயருற்று வந்தோர் கதை மட்டுமே சொல்வதும் பாதி உண்மையே.

நண்பகல்

வெயில் ஏறிவிட்டது. வீட்டு முகப்புகளின் கீழே தொடர்ந்து செல்லும் அஞ்சடி என்னும் கூரையுள்ள நடைபாதையில் ஒதுங்கினால் மழையும் வெயிலும் தொடாது. ஊரில் வீடில்லாத தொழிலாளர் பலர் இரவில் படுத்துறங்கியதும் இத்தகைய அஞ்சடிகளில்தான்.

பசியாற நாசி கண்டார் உண்ணலாம். பினாங்கின் புகழ்பெற்ற இவ்வுணவு தமிழ் முசுலிம்கள் தந்தது. காவுதடியின் இரு முனைகளிலும் சோற்றுப் பானையையும் கறிச் சட்டியையும் கட்டித் தோளில் சுமந்து சென்று துறைமுகத் தொழிலாளருக்கு விற்றனர். தோளில் தடி வைத்துச் சுமத்தலை மலாயில் கண்டார் என்பர். இன்று உலகெங்குமிருந்து வந்து வரிசையில் நின்று உண்ணும் இது, மூட்டை சுமந்தவனுக்காக மற்றொரு சுமை சுமந்தவன் கொண்டுவந்த சோறு.

கிட்டங்கியும் தேரும்

பசி தீர்ந்தபின் மார்க்கெட் தெரு வழியாகப் பினாங்குத் தெருவுக்கு வருவோம். இப்பகுதியை இன்று லிட்டில் இந்தியா என்று பெயரிட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகின்றனர். பூமாலையும் பித்தளைக் குத்துவிளக்கும் சேலையும் விற்கும் கடைகளின் ஊடே பாட்டொலி எழுகிறது. ஆனால் இத்தெருவின் பழைய ஒலி வேறு. அது வெள்ளியை எண்ணும் ஒலி.

நகரத்தார் இங்கே கிட்டங்கிகளில் இருந்து கொடுக்கல் வாங்கல் நடத்தினர். கிட்டங்கி என்பது நீண்ட கூடம். அதில் ஒருவருக்கு ஒரு பெட்டியும் சாய்வுப் பலகையும் பாயுமே இடம். ஒரே கூரையின் கீழ்ப் பல கடைகள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலை உண்டு. மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் சென்று மீள்வர். தமது இப்பயணத்தை அவர்கள் கொண்டுவிற்கப் போதல் என்றனர். சீன வணிகரும் மலாய் நிலக்காரரும் ஈயச் சுரங்கம் வைத்தவரும் இரப்பர் நட்டவரும் வங்கி தராத கடனை இங்கே பெற்றனர். வட்டிக்குக் கொடுத்தவரைப் பற்றிய கசப்பும் அதனோடு வளர்ந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. இக்கிட்டங்கி வாழ்வை அறிய விரும்புவோர் ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ என்னும் புதினத்தைப் படிக்கலாம். சுமத்திராவின் மேடான் நகரில் வாழ்ந்தவர் அவர். நூல் 1959-இல் வெளிவந்தது.

இத்தெருவில் உள்ள கோயில் வீட்டிலிருந்துதான் தைப்பூசத்துக்கு முந்திய நாள் வெள்ளித்தேர் புறப்படுகிறது. காரைக்குடியிலிருந்து 1894-இல் கொண்டுவரப்பட்ட தேர் அது. நகரைக் கடந்து, நீர்வீழ்ச்சிச் சாலையில் 1850-களில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலை அடையும். அவ்விடத்துக்குத் தமிழர் இட்ட பெயர் தண்ணீர்மலை. தேர் செல்லும் வழியெல்லாம் தேங்காய் உடைத்து வரவேற்போரில் சீனரும் பலர் உளர். 2017 முதல் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து தங்கத்தேர் ஒன்றும் அவ்வழியே செல்கிறது.

பள்ளியும் இதழும்

பிட் தெருவின் வடமுனையில், பர்குவார் தெருவில், செயின்ட் ஜார்ஜ் ஆலயம் வெண்ணிறத் தூண்களோடு நிற்கிறது. 1818-இல் கட்டி முடிக்கப்பட்டது. இதனை எழுப்பிய கைகள் இந்தியக் கைதிகளின் கைகள். 1790-களிலிருந்தே இந்தியாவிலிருந்து கைதிகளைக் கும்பினி இங்கே அனுப்பியது. 1796-இல் அந்தமான் குடியிருப்பு கைவிடப்பட்டபோது அங்கிருந்தோரும் இங்கே கொண்டுவரப்பட்டனர். சதுப்பைத் தூர்த்ததும் சாலை போட்டதும் அவர்களே. துரைசாமியோடு வந்தவர்கள் அரசியல் குற்றம் சாட்டப்பட்டவர்கள். இவர்களோ பெயரும் எஞ்சாதவர்கள். நாம் காலையிலிருந்து நடந்துவந்த சாலைகளில் எத்தனை அவர்கள் போட்டவை என்று யாரால் எண்ணிச் சொல்ல முடியும்?

ஆலயத்துக்கு அருகிலேயே பழைய பினாங்கு இலவசப் பள்ளியின் கட்டடம் உள்ளது. போரில் குண்டு வீழ்ந்து ஒரு பாதி அழிந்தது. மறு பாதி பின்னர் அருங்காட்சியகமாக ஆயிற்று. இப்பள்ளியைப் பாதிரியார் ஹட்சிங்ஸ் தொடங்கியது 21-10-1816 அன்று. இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் பிறந்தநாளும் அதுவே. அப்பள்ளியின் ஒரு பகுதியாகவே முதல் தமிழ் வகுப்பு நடந்தது. தொடர்ந்து நடைபெற இயலாது தடைப்பட்டும் மீண்டும் தழைத்தும் வந்த அவ்வகுப்பின் இருநூறாம் ஆண்டு 2016-இல் கொண்டாடப்பட்டது. இரப்பர்த் தோட்டங்கள் தோன்றுவதற்குப் பல பத்தாண்டு முன்னரே தமிழ்ப் பிள்ளைகள் இத்தீவில் தமிழ் எழுத்துக் கற்றனர் என்பதைத் தோட்டத்துப் பள்ளியே தமிழ்க் கல்வியின் தொடக்கம் என எண்ணுவோர் உணர்தல் வேண்டும்.

எழுத்தறிந்தவர் இருந்தமையால் இதழும் தோன்றிற்று. நாகூர் வா. குலாம் காதிறு நாவலர் 1883-இல் ‘வித்தியா விசாரிணி’ என்னும் இதழைப் பினாங்கில் தொடங்கினார். பிற்காலத்தில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் புலவர் வரிசையில் அமர்ந்த அவர், இத்தெருக்களில் நடந்து தமிழ் இதழ் நடத்தியவர். நாகூருக்கும் பினாங்குக்கும் இடையே அரிசியும் துணியும் மட்டும் சென்று வரவில்லை. செய்யுளும் உரைநடையும் சென்று வந்தன.

கோட்டையில் மாலை

லைட் தெரு வழியே கிழக்கு நோக்கி நடந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை. முதலில் நிபோங் மரக்கழிகளை நட்டு அரணிட்டு, பின்னர்ச் செங்கல்லால் கட்டியது. 1936-இல் லைட்டுக்கு ஒரு சிலை எழுப்பினர். அவர் உருவப்படம் எதுவும் கிடையாமையால் மகன் வில்லியத்தின் முகச்சாயலைக் கொண்டே அச்சிலையை வடித்தனர் என்பர். நாம் இன்று நடந்த தெருக்களில் ஒன்றேனும் துரைசாமியின் பெயரைத் தாங்கவில்லை.

ஆயினும் இக்கோட்டையோடு ஒரு தமிழர் பெயர் பிணைந்துள்ளது. 11-12-1941 அன்று சப்பானிய விமானங்கள் நகரில் குண்டு பொழிந்தன. சந்தையிலும் தெருவிலும் மக்கள் மடிந்தனர். சில நாள்களில், இரவோடு இரவாக, ஆங்கிலேயர் தம் இனத்தாரை மட்டும் கப்பலேற்றிச் சென்றுவிட்டனர். ஆசிய மக்கள் கைவிடப்பட்டனர். அப்போது நகரைத் தாங்க முன்வந்தோரின் தலைவராக நின்றவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ ஆங்கில நாளிதழின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து என்னும் இலங்கைத் தமிழர். கோட்டையில் பறந்துகொண்டிருந்த ஆங்கிலக் கொடியை இறக்கினார். ஆங்கிலேயர் அகன்றுவிட்டனர் என்பதை வானொலியில் அறிவித்தார். குண்டுவீச்சு நிற்கவேண்டும் என்பதே அவர் கருத்து. டிசம்பர் 19-இல் சப்பானியர் நகருக்குள் நுழைந்தனர். 1786-இல் லைட் ஏற்றிய கொடி, 155 ஆண்டு கழித்து, ஒரு தமிழர் கையால் இறங்கிற்று; அதுவும் வெற்றிக்காக அன்று, ஊர் மக்களின் உயிர் காக்க.

எஞ்சி நிற்பது

கோட்டையை அடுத்த கடற்புறத் திடலில் மாலைக் காற்று வீசுகிறது. பகல் முழுவதும் நடந்த கால்களுக்கு இங்கே ஓய்வு. இனி ஒன்றை மட்டும் எண்ணிப் பார்ப்போம்.

1948-க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை உயர்த்தவிடாது காத்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999-ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுற்றது. குறைந்த வாடகையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர், தமிழரும் சீனரும் மலாய்க்காரரும், பழைய நகரை விட்டுப் புறநகருக்குச் சென்றனர். 2008 சூலை 7-இல் யுனெஸ்கோ, மலாக்காவோடு ஜார்ஜ் டவுனையும் உலக மரபிடமாக அறிவித்தது. கட்டடங்கள் காக்கப்பட்டன, அது பெரும் நன்மை. ஆனால் வீடு நிற்க, வீட்டிலிருந்தவர் பெயர்ந்தால், வீட்டைப் பற்றிய நினைவு யாரிடம் நிற்கும்?

இந்நகரின் தெரு ஒவ்வொன்றுக்கும் பலகையில் எழுதிய பெயர் ஒன்று, சீனர் வழங்கிய பெயர் ஒன்று, தமிழர் வாய்மொழியில் இட்ட பெயர் ஒன்று என்று பல பெயர்கள் இருந்தன. பலகைப் பெயர் அழியாது. எழுதாத பெயர் அதைச் சொல்பவரோடு அழியும். கடல் அகன்ற பின்னும் கடற்கரைத் தெரு என்னும் பெயர் நமக்கு உண்மையைக் காட்டியது. மலபார்த் தெரு என்னும் பெயர் ஒரு பழைய வரைபடத்தில் தங்கியிராவிடில் நாம் அறிந்திருக்க முடியுமா?

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. ஓர் ஆசிரியர் தம் மாணவர் பத்துப் பேரை ஒரு நாள் இத்தெருக்களுக்கு அழைத்துச் செல்லட்டும். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு முதியவரிடம் மூன்று வினாக்களைக் கேட்டு எழுதி வரட்டும்: எந்தக் கப்பலில் வந்தீர்கள், அல்லது உம் முன்னோர் வந்தனர்? எந்தத் தெருவில் தங்கினீர்கள்? அத்தெருவை நீங்கள் என்ன பெயரால் அழைத்தீர்கள்? கல்வெட்டு ஆராய்ச்சிக்குப் பயிற்சி வேண்டும். இதற்குச் செவியும் எழுதுகோலும் போதும். கடாரம் கொண்டவன் புகழைக் கல் காத்தது. மூட்டை சுமந்தவன் தெருவுக்கு இட்ட பெயரைக் காக்கக் கல் இல்லை. நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.